கெய்தாவின் பெயரில் வந்த பெட்டி

டோக்கியோ
ஜூன் 11, 2006

அன்புத் தங்கை மிசாவோவுக்கு,

இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. துவைத்த துணி காய்வதற்குள் அடுத்த அழுக்கு சேர்ந்துவிடுகிறது என்று யோரிகோ புலம்புகிறாள். மற்றபடி நாங்கள் இருவரும் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை ஷிகேருவும் உன் மாமனாரும் சௌக்கியமா? கெய்தா நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டானாமே.

இத்துடன் இரண்டு வரைபடங்கள் வைத்திருக்கிறேன். இரண்டும் உங்கள் யமகத்தா பகுதிதான். எங்கள் பதிப்பகம் நாலாம் வகுப்புச் சமூகப் பாடநூலைப் புதுப்பிக்கிறது. வயல் எங்கே, பழத்தோட்டம் எங்கே, காடு எங்கே என்று காட்டும் படம் இது. முதலாவதில் நிறம் மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் நிறத்தோடு கோடும் புள்ளியும் போட்டு, பெயர்களை ஓரத்தில் தனியாக வைக்காமல் அந்தந்த இடத்திலேயே எழுதியிருக்கிறோம். கெய்தாவிடம் காட்டி, பழத்தோட்டங்களை விரலால் தொடச் சொல். நீ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காதே. அவன் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு. பிள்ளைகளுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கத்தான், வேறொன்றுமில்லை.

ஈரத்தில் நடக்காமல் முட்டியைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
குனிஹிகோ


சகாத்தா
ஜூன் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். என் முட்டி மழைக்கு முந்தியே மழையைச் சொல்லிவிடுகிறது, அந்த மட்டில் உபயோகம்தான். அண்ணியிடம் துணிக்காகக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

உன் உறையைப் பிரிக்கும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அம்மாவின் நினைவுநாளுக்கே ஒரு வரி எழுதாதவன் நீ. இப்போது இரண்டு பக்கம் எழுதி, தபால்தலையும் ஒட்டி, "வேறொன்றுமில்லை" என்று முடித்திருக்கிறாய். நீ வேறொன்றுமில்லை என்றால் வேறென்னவோ இருக்கிறது என்று அர்த்தம். எலி அம்மணமாக ஓடினால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

சரி, காட்டினேன். முதல் படத்தில் கடலோர வயல்களையெல்லாம் பழத்தோட்டம் என்று தொட்டான். எங்கள் சீமைப்பனிச்சைப் பழத்தோட்டம் இருக்கும் இடத்தையே வயல் என்றான். "அம்மா, ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு, எதுக்கு ரெண்டு பேரு?" என்று என்னையே கேட்டான். இரண்டாவது படத்தில் மடமடவென்று எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டான். விளையாடுகிறான், வேறென்ன. அவன் ஆசிரியையும் அதைத்தான் சொல்கிறார். ஓவிய வகுப்பில் மரத்தின் இலைகளுக்கெல்லாம் பழுப்பு அடித்துவைத்தானாம். பலகையில் சிவப்பில் எழுதியதை மட்டும் நோட்டில் எழுதாமல் விட்டுவிடுகிறானாம். கவனமில்லாத பிள்ளை என்று வீட்டுக்கு எழுதி அனுப்பியிருக்கிறார்.

டோக்கியோவில் பிள்ளைகளே இல்லையா? ரயிலேறி வந்தால் அரை நாள் ஆகும் தூரத்தில் இருக்கிற என் பிள்ளைதான் கிடைத்தானா? காரணத்தை எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

மிசாவோ


டோக்கியோ
ஜூலை 8

அன்புத் தங்கைக்கு,

வெயில் ஆரம்பித்துவிட்டது. நான் நலம். யோரிகோவுக்கு லேசான ஜலதோஷம். அங்கே அனைவரின் நலமும் எழுது.

கெய்தா சொன்னது மிகவும் பயன்பட்டது. பலகையில் வெள்ளையிலும் மஞ்சளிலும் எழுதச் சொல்லி ஆசிரியையிடம் கேட்டுப் பார். ஏன் என்று கேட்டால் கண் கூசுகிறது என்று சொல்லிவை. இன்னொன்று. வீட்டில் கறி சுடும்போது, கம்பித் தட்டிலிருந்து தன் துண்டைத் தானே எடுத்துக்கொள்கிறானா, இல்லை யாராவது எடுத்துப் போடும்வரை காத்திருக்கிறானா?

கோடையில் தோட்ட வேலை அதிகம். மாப்பிள்ளையைத் தொப்பியோடு போகச் சொல்.

குனிஹிகோ


சகாத்தா
ஆகஸ்ட் 21

அண்ணாவுக்கு,

நலம். அண்ணியின் ஜலதோஷம் விட்டதா? முன்னோருக்கு விளக்கேற்றும் நாளுக்கு இந்த வருடமும் நீ வரவில்லை. அப்பா அம்மா கல்லறையை நானும் கெய்தாவும் கழுவினோம். உன் பங்குக்கும் ஊதுவத்தி வைத்தேன்.

கறியைப் பற்றிக் கேட்டிருந்தாய். காரணம் கேட்டால் கறிக்குத் தாவுகிறாய். சரி, சொல்கிறேன். காத்திருக்கிறான். நான் எடுத்துப் போட்டால்தான் சாப்பிடுகிறான். தானாக எடுத்தால் கருகியதைத்தான் எடுக்கிறான். சின்ன வயதில் நீ இருந்த மாதிரியே. கரிக்கட்டை தின்னி என்று அம்மா உன்னைக் கேலி செய்வாளே, அதே ரகம்.

இப்போது நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல். இவர் என்ன சொல்கிறார் தெரியுமா? "உங்க அண்ணனுக்குப் புள்ளை இல்ல. நம்ம பையனைத் தத்து கேக்கப் போறாரு. அதான் படிப்பு எப்படி, சாப்பாடு எப்படின்னு மாட்டுக்குப் பல்லு புடிச்சுப் பாக்கற மாதிரி பாக்கறாரு." நான் சிரித்துவிட்டு எழுந்து போனேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்படி ஒரு எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடு. இருக்கிற ஒரு பிள்ளை, தோட்டத்துக்கும் அவன்தான். தரமாட்டேன்.

வெயில் குறையட்டும், எல்லோரும் சுகமாக இருப்போம்.

மிசாவோ


சகாத்தா
அக்டோபர் 29

அண்ணாவுக்கு,

இரண்டு மாதம் பதிலில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே உடம்பு எல்லோருக்கும் நலம், மனசுதான் சரியில்லை.

அறுவடை நடக்கிறது. உனக்குத் தெரியும், இங்கே பழத்தைப் பறிக்குமுன் நிற அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அட்டையில் உள்ள சிவப்புக்கு வந்தால்தான் கத்தரிக்கோல் வைக்க வேண்டும். இந்த வருடம் முதல்முறையாக இவர் கெய்தாவிடம் கத்தரிக்கோலும் அட்டையும் கொடுத்தார். பத்து வயதில் அவருக்கு அவருடைய அப்பா கொடுத்தாராம், அதே மாதிரி. பிள்ளை ஒரு கூடை நிறையப் பறித்துவந்து பெருமையாக வைத்தான். பாதிக்குமேல் பச்சைக் காய்.

"அட்டையை வெச்சுப் பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றான். "கண்ணு முன்னாடி நின்னுக்கிட்டுப் பொய் சொல்றான் பாரு" என்று கையை ஓங்கிவிட்டார். நான் குறுக்கே போய் நின்றேன். பிள்ளை அழவில்லை. "நான் பாத்தேம்பா, பாத்தேம்பா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். மாமனார் கத்தரிக்கோலை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து கெய்தா தோட்டத்துப் பக்கம் போவதில்லை. இவர் அவனோடு பேசுவதில்லை.

நீ எதையோ தெரிந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். மடியில் கனம் இருப்பவனுக்குத்தான் வழியில் பயம். அது என்ன கனம் என்று எனக்குச் சொல்.

மிசாவோ


டோக்கியோ
நவம்பர் 9

அன்புத் தங்கைக்கு,

குளிர் வந்துவிட்டது. கவலைப்பட வேண்டாம், நாங்கள் நலம்.

கெய்தா பொய் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் அதை மட்டும் அழுத்திச் சொல். அவனைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போ. தூரத்துப் பார்வையைச் சோதிக்க வேண்டாம், நிறங்களைச் சோதிக்கச் சொல். பள்ளியில் இப்போது அந்தச் சோதனையை வைப்பதில்லை, அதனால்தான் தெரியாமல் போயிருக்கிறது. தத்து எடுக்கும் எண்ணம் எனக்குச் சத்தியமாக இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பனி விழுமுன் கூரையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குனிஹிகோ


சகாத்தா
டிசம்பர் 17

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். நீ நலம்தானே? உன் தூக்கம் நலமா?

நேற்று ஆண்டுமுடிவு அன்பளிப்பாக ஒரு பெட்டி வந்தது. அனுப்பியது உன் பதிப்பகத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் நுகாகா. பெறுபவர் பெயர் கெய்தா. பத்து வயதுப் பிள்ளைக்கு யார் அன்பளிப்பு அனுப்புவார்கள்? மாமனார் பிரித்து, உள்ளே இருந்த சீட்டை எல்லோர் முன்னாலும் வாசித்தார். "நிறம் பிரித்தறியாத உங்கள் கண்கள் சென்ற குளிர்காலத்திலிருந்து எங்கள் பாடநூலுக்கு வழிகாட்டி வருகின்றன. உங்கள் மாமா ஒவ்வொரு கூட்டத்திலும் உங்களைப் பற்றிச் சொல்கிறார்." வாசித்து முடித்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கெய்தா மட்டும் "பெட்டில என்னம்மா?" என்றான்.

உள்ளே இனிப்பு. இரண்டு ருசி. பச்சை உறையில் தேயிலைப் பொடி போட்டது, செங்கல் நிற உறையில் சிவப்புப் பயறு. தேயிலை ருசி கெய்தாவுக்கு ஆகவே ஆகாது. பயறு என்றால் உயிர். ஒன்றை எடுத்துக் கடித்தான், முகத்தைச் சுளித்தான். இன்னொன்றை எடுத்தான், அதுவும் பச்சை உறைதான், அதற்கும் சுளித்தான். மூன்றாவதில்தான் பயறு வந்தது. அப்போது சொன்னான்: "ஒரே மாதிரி உறைக்குள்ள ரெண்டு ருசிய வெச்சு ஏமாத்தறாங்கம்மா." நான் கண்ணைத் துடைத்துக்கொள்ள அடுக்களைக்குப் போய்விட்டேன். அண்ணா, இப்படிப்பட்ட கண்களுக்காகவே புத்தகம் செய்கிறவர்கள் அனுப்பிய பெட்டி இது!

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. உன் வரைபடத்தைக் கெய்தா முதன்முதலில் பார்த்தது ஜூனில். அந்தச் சீட்டு சென்ற குளிர்காலம் என்கிறது. அப்போது நீ கூட்டத்தில் யாருடைய கண்ணைப் பற்றிப் பேசினாய்?

மிசாவோ


சகாத்தா
ஜனவரி 28, 2007

அண்ணாவுக்கு,

உன் புத்தாண்டு அட்டை வந்தது. பன்றி வருடம் என்பதால் அச்சடித்த பன்றிப் படமும் அச்சடித்த வாழ்த்தும். கையெழுத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. நீங்களும் நலமாக வாழ்க.

கெய்தாவை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் படங்களைக் காட்டினார். பிள்ளைக்குப் பாதி தெரியவில்லை. இது வியாதி இல்லை, பலருக்கு உண்டு, பச்சைப் பலகையில் சிவப்பு எழுத்து அவனுக்கு இல்லாத எழுத்துதான் என்றார். பிறகு எப்படி வரும் என்று விளக்கினார். தாய் வழியாக வருமாம். தாய்க்குத் தெரியாதாம். அவளுடைய அப்பாவுக்கோ கூடப்பிறந்தவனுக்கோ இருக்குமாம்.

அப்பா ஓய்வு பெறும்வரை ரயில் சிக்னலில் வேலை பார்த்தவர். சிவப்பும் பச்சையும் தெரியாதவரை அங்கே வைத்திருக்க மாட்டார்கள். பிறகு யார் மிச்சம்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒன்று ஒன்றாக ஞாபகம் வந்தது. வெந்த கறியின் நிறம் தெரியாமல் நீ கருகியதையே எடுத்தது. அம்மா உன்னை உள்ளறையில் உட்காரவைத்து ஒரு புள்ளிப் புத்தகத்தைப் புரட்டப் புரட்ட, நீ எண்களை ஒப்பித்தது. கணக்குப் பாடம் என்று நினைத்து நான் கதவோரம் நின்று கேலி செய்வேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அம்மாவால் முடிந்திருக்கிறது. இங்கே மாமனார், "எங்க வம்சத்துல இப்படிக் கெடையாது, இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்கிறார். என் வழியாக வந்தது என்று நான் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. நீயே எழுது.

மிசாவோ


டோக்கியோ
பிப்ரவரி 25

அன்புத் தங்கைக்கு,

நீ நலமா? நீ நலமாக இருக்க நான் விடவில்லை என்று தெரியும்.

என் கண்தான். யோரிகோவுக்குக்கூடத் தெரியாது. கல்யாணம் பேசும்போது பெண் வீட்டார் இதைக் கேட்டார்கள், அப்படி எதுவும் இல்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். வேலையில் நான் நிறத்தைப் பார்ப்பதில்லை. எந்த நிறத்துக்கு எந்த மையில் எத்தனை பங்கு என்று எண்ணாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். சென்ற குளிர்காலத்தில் அந்த யமகத்தா படம் மேசைக்கு வந்தது. வயலும் தோட்டமும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். சும்மா இருந்தால் நாடு முழுக்க எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் திணறுவார்கள். சொன்னால், நிறம் தெரியாதவனுக்குப் படப் பிரிவில் என்ன வேலை என்பார்கள். வாய் தானாகத் திறந்தது: "எங்க தங்கச்சி பையன் ஒருத்தன் இருக்கான், அவனுக்கு இது புரியாதுங்க." அப்போது கெய்தாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகுதான் பயம் வந்தது. நிஜமாகவே இருக்குமோ என்று பார்க்கத்தான் படங்களை அனுப்பினேன்.

அவன் இருக்கிறான் என்பதால், வெளியிலிருந்து அழைக்க இருந்த, நிறம் பிரித்தறியாத பரிசோதகர்களை வேண்டாம் என்றுவிட்டார்கள். இப்போது நுகாகா ஏப்ரலில் சகாத்தாவுக்கு வந்து, ஆசிரியர் கையேட்டுக்காகக் கெய்தாவைப் பேட்டி எடுத்துப் படமும் போட வேண்டும் என்கிறார். மிசாவோ, இந்த ஒரு முறை மட்டும். ஆரம்பத்திலிருந்தே அவன்தான் படங்களைப் பார்த்தான் என்று சொல்லிவிடு. அவன் கண் அப்படித்தானே, பாதி உண்மைதானே. அதன்பிறகு நான் எதுவும் கேட்கமாட்டேன்.

குளிரில் முட்டியை மூடிவை.

குனிஹிகோ


சகாத்தா
மார்ச் 4

அண்ணாவுக்கு,

முட்டியை மூடியாயிற்று. வாயை மூடமாட்டேன்.

பொய் சொன்னான் என்று அப்பா கை ஓங்கிய பிள்ளை அவன். பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க எங்களுக்கு இத்தனை மாதம் ஆயிற்று. இப்போது அவனைப் பொய் சொல்லச் சொல்கிறாயா, அதுவும் படம் பிடித்துப் புத்தகத்தில் போடுவதற்கு? நீ அவனை நோட்டம் பார்க்கிறாய் என்று சந்தேகப்பட்டேன். அதைவிட மோசம். நீ அவனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாய். உன் தலைமைப் பதிப்பாசிரியர் வந்தால் வாசலிலேயே நடந்ததைச் சொல்லிவிடுவேன்.

அந்தப் பிள்ளைகளுக்காக வாய் திறந்தாய், அது நல்லது. அதை உன் பெயரில் செய். முதலில் பக்கத்தில் படுத்திருக்கிறவளிடம் சொல்.

அண்ணிக்கு என் அன்பு.

மிசாவோ


சகாத்தா
டிசம்பர் 10, 2007

அண்ணாவுக்கு,

ஒன்பது மாதம். நலமா என்று கேட்கிறேன், பதில் வந்தால் நலம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரலில் யாரும் வரவில்லை. என்ன கதை சொல்லி நிறுத்தினாயோ. கெய்தா செத்துவிட்டான் என்று சொல்லியிருக்கமாட்டாய் என்று நம்புகிறேன். பன்னிரண்டாம் மாதம் பிறந்தது, பெட்டியும் வரவில்லை. வேறொரு மருமகனைக் கண்டுபிடித்துவிட்டாயா?

இங்கே ஒரு சேதி. அறுவடைக்கு முன்னால் இவர் ஒருநாள் என் துணிக் கிளிப்புகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதற்கு என்று போய்ப் பார்த்தால், அட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து, பழுத்த பழத்தின் கிளையிலெல்லாம் வெள்ளைக் கிளிப்பு மாட்டுகிறார். பின்னாலேயே கெய்தா கிளிப்பு இருக்கிற கிளையைப் பார்த்துப் பறித்துக்கொண்டு வருகிறான். "உன் அண்ணன் படத்துல கோடு போட்டாரு, நான் கிளிப்பு போட்டேன், அவ்ளோதான்" என்றார். ஆணியில் மாட்டிய கத்தரிக்கோலை மாமனாரே எடுத்துக் கொடுத்தார். வம்சத்தைப் பற்றி இப்போது கேட்பதில்லை. துணி காயப்போடத்தான் எனக்குக் கிளிப்பு இல்லை.

இந்த வருஷம் பெட்டி ஏன் வரவில்லை என்று கெய்தா கேட்டான். அது உண்மையில் யாருக்கு வர வேண்டுமோ அவருக்குப் போயிருக்கும் என்றேன். எனக்கே நம்பிக்கையில்லாமல்தான் சொன்னேன். "அப்ப பாதிய நமக்கு அனுப்பச் சொல்லும்மா. பேரு என்னுதுதானே?" என்கிறான். கேட்டதை எழுதிவிட்டேன்.

மிசாவோ


டோக்கியோ
டிசம்பர் 19

அன்புத் தங்கைக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலம் என்று உன் கடிதத்தில் தெரிந்தது, படிக்கும்போது இரண்டு முறை சிரித்தேன்.

வெறும் வார்த்தையை நீ நம்பமாட்டாய் என்றுதான் கடிதம் எழுதாமல் பெட்டிக்காகக் காத்திருந்தேன். மார்ச் கடைசியில் கூட்டத்தில் அது என் கண்தான் என்று சொன்னேன். நுகாகா பழைய கூட்டக் குறிப்புகளைப் பின்னோக்கிப் புரட்டினார். பிறகு, "அப்ப இத்தனை நாளா யாரைங்க நான் புகழ்ந்துக்கிட்டிருந்தேன்?" என்றார். சில மாதம் என்னைக் கிடங்கில் வைத்தார்கள். செப்டம்பரில் திரும்பக் கூப்பிட்டார்கள். இப்போது வெளியிலிருந்தும் நிறம் பிரித்தறியாத மூன்று பேர் வருகிறார்கள், ஆனால் என் கண்ணும் அவர்கள் கண்ணும் ஒன்றல்ல. மேசையைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போடுகிறோம்.

பெட்டி இந்த வருடம் என் பெயருக்கு வந்தது. பாதியைக் கெய்தாவுக்கு அனுப்பியிருக்கிறேன். இத்தனை பேசியும் அதே கடை, அதே பச்சை, அதே செங்கல் உறைதான். அதனால் பயறு இனிப்புகளின் உறையில் எல்லாம் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். வட்டம் இருப்பதை மட்டும் அவனை எடுக்கச் சொல், மற்றதை நீங்கள் சாப்பிடுங்கள்.

வட்டம் போட்டது நான். ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, இதில் போடு, இதில் வேண்டாம் என்று சொன்னது யோரிகோ.

அண்ணன்
குனிஹிகோ